மாடு என்னுடையது இல்லை

உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது என்கிறாள். முக்கியமாம். அவ்வளவு முக்கியமானதை எடுத்துப் பேசித் தொலைக்க வேண்டியதுதானே, எதற்கு வீணையைப் போட்டு உட்கார வைக்கிறாய்? அந்த வீணையாவது முழுசாக வருகிறதா என்றால் அதுவும் இல்லை. ஒரு துணுக்கு. மேலே ஏறப் போகிற இடத்தில் வெட்டிவிட்டு மறுபடி ஆரம்பத்திலிருந்து. நடுவில் இவள். சேவையின் தரத்துக்காக இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது. பண்ணு, நன்றாகப் பண்ணு, நான் திட்டுவதெல்லாம் பதிவாகட்டும். ஆனால் எதிர்முனையில் ஆள் வருவதற்கு முன்னால் திட்டினால் பதிவாகுமா ஆகாதா, அதை யாரைக் கேட்பது. போன் தரையில் ரவை டப்பாவில் சாய்ந்திருக்கிறது, ஸ்பீக்கரில். என் இரண்டு கையிலும் நல்லெண்ணெய். முன்னால் பழைய பேப்பர் விரித்து வாழைப்பூ. காலையில் கோமளா மாமி கொண்டுவந்து கொடுத்தது, பின்பக்கத்து மரத்தில் வந்தது. நான் குடியிருக்கும் இந்த மாடி வீடு மாமியுடையது. பிள்ளையோடு புனேயில் போய் இருக்கப் போகிறார், வீட்டை விற்கப் போகிறார், வாங்கிக்கொள்கிறாயா என்று முதலில் என்னிடம்தான் கேட்டார். அது பெரிய மனசு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பூவைக் கொடுக்கும்போது சேர்த்துக் கொடுத்தாரே ஒன்று. "வெள்ளிக்கிழமை வரைக்கும் நான் வாயைத் திறக்க மாட்டேண்டி தையல். அதுக்கு மேல என்னால தாங்காது. ப்ரோக்கர் நாயா அலையறான். வாங்கறவனுக்கு வீடு காலியா வேணுமாம்." காலியாக. நான் என்ன பழைய பீரோவா, காலி பண்ணிக் கொடுக்க. இந்தச் சமையலறை ஜன்னல் கொக்கியை மாட்டியது நான். குழாயடியில் ஓதம் ஏறாமல் சிமெண்ட் பூசியது நான். மரத்துக்குப் பாத்திரம் கழுவின தண்ணீரைத் திருப்பிவிட்டதும் நான்தான். அந்த மரம் போட்ட பூவை எனக்கே தானம் கொடுத்துவிட்டு வெள்ளிக்கிழமை என்கிறார்.

மேல் மடலை உரித்தாயிற்று. உள்ளே சீப்பு மாதிரி பூ. ஒவ்வொன்றாக எடுத்து, வாயைப் பிரித்து, நடுவில் விறைத்து நிற்கும் நரம்பைக் கிள்ளி, கண்ணாடி மாதிரி இருக்கும் செதிலைப் பிய்த்து, மோர்த்தண்ணீரில் போட வேண்டும். ஒரு நரம்பு தப்பினாலும் வெந்த பிறகு பல்லில் மாட்டும். பொறுமையில்லாதவர்கள் செய்யக் கூடாத வேலை. எனக்குப் பொறுமை இருந்தது, போன வாரம் வரைக்கும், இந்த வீட்டை வாங்கக் கடன் கேட்டு வங்கியில் போய் உட்காரும் வரைக்கும். கடன் பிரிவில் நிர்மல்குமார் என்று ஒரு அதிகாரி. நல்ல மாதிரிதான், உட்காரச் சொன்னார், தண்ணீர் வேண்டுமா என்றார். அப்புறம் திரையைப் பார்த்தார். முகம் மாறியது. அந்த முகம் எனக்குத் தெரியும். நான் பல் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனில் இருக்கிறேன், எக்ஸ்ரேயைப் பார்க்கும்போது எங்கள் டாக்டருக்கு அப்படித்தான் மாறும். "மேடம், உங்க பேர்ல ஒரு மாட்டு லோன் நிக்குதே." என்ன லோன்? "கறவை மாடு வாங்கினதுக்கு. கட்டாம விட்டிருக்கீங்க. ஸ்கோர் ரொம்ப அடி வாங்கியிருக்கு." நான் சிரித்தேன். சத்தியமாகச் சிரித்தேன். சார், நான் குரோம்பேட்டையில் முதல் மாடியில் வாடகைக்கு இருக்கிறேன், மாட்டை எங்கே கட்டுவேன், பால்கனியிலா? அவர் சிரிக்கவில்லை, எல்லார் கடனையும் பதிந்து மார்க் போடுகிற கம்பெனி ஒன்று இருக்கிறது, அங்கேதான் கேட்க வேண்டும் என்றார். பக்கத்து மேஜைப் பெண் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை, அதுதான் உடம்பில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, வாழைப்பூக் கறை மாதிரி எண்ணெய் போட்டும் போகவில்லை. மாட்டை வாங்கிவிட்டுக் கட்டாமல் ஓடிவந்த பொம்பளை. மாதாமாதம் வாடகையை மாமி கேட்கும் முன்னால் கொண்டுபோய்க் கொடுக்கிறவள் நான். பால்காரனுக்குக்கூட ஒரு நாள் பாக்கி வைத்ததில்லை. எனக்கு மாடாம்.

வீணை நின்றது. ஆள் வந்துவிட்டாளா? இல்லை, துணுக்கு முடிந்து திரும்ப ஆரம்பிக்கிறது. இப்போது நான் அசையவும் கூடாது, இந்த நேரம் பார்த்து எண்ணெய்க் கை சிவப்புப் பொத்தானில் பட்டால் அவ்வளவுதான், மறுபடியும் தமிழுக்கு மூன்றை அழுத்து, புகாருக்கு ஐந்தை அழுத்து. நேற்று அப்படித்தான் போயிற்று. முந்தாநாள் வந்த ஒருத்தன் வலைத்தளத்தில் போய்ப் பதியுங்கள் என்று வைத்துவிட்டான். பதிந்தேன். பதில் வந்தது. உங்கள் விவரங்கள் சரிபார்க்கப்பட்டன, மாற்றம் தேவையில்லை. யார் சரிபார்த்தது? மாட்டைக் கேட்டீர்களா? என் கடன் அறிக்கை என்று ஒன்று அனுப்பினார்களே, அதில் இன்னொரு அநியாயம், அதை நினைத்தால் இந்தப் பூவை அப்படியே சுவரில் அடிக்கலாம் போலிருக்கிறது. என் ஃபிரிட்ஜைக் காணோம். அதோ மூலையில் முனகிக்கொண்டு நிற்கிறதே, தவணையில் வாங்கினது, என் வாழ்க்கையில் நான் வாங்கின ஒரே கடன், ஒரு தவணை தாமதம் கிடையாது, கடைசித் தவணையன்று கடைக்காரர் எழுந்து நின்று சாக்லேட் கொடுத்தார். அது அறிக்கையில் இல்லை. அந்த நிர்மல்குமார்கூடச் சொன்னார், "நல்ல ரெக்கார்டுன்னு ஒண்ணாவது இருந்தா பேசிப் பார்க்கலாம் மேடம், வெறும் மாடு மட்டும்தான் இருக்கு." நான் வாங்கினது இல்லை, வாங்காதது இருக்கிறது. இப்படி ஒரு கணக்கை எங்கள் ஆஸ்பத்திரியில் நான் எழுதினால், ஒருவருக்குப் பிடுங்க வேண்டிய பல்லை அடுத்தவருக்குப் பிடுங்கிவிட்டு விவரங்கள் சரிபார்க்கப்பட்டன என்று சொன்னால், சும்மா விடுவார்களா. இவர்களை மட்டும் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. முகம் கிடையாது, கதவு கிடையாது, போய் நின்று கத்துவதற்கு ஒரு வாசல்கூடக் கிடையாது. இருப்பது இந்த வீணை ஒன்றுதான்.

யோசித்துப் பார்த்தால் இதெல்லாம் எங்கள் ஊர் ஹெட்மாஸ்டரால் வந்தது. யோசிக்காமலா இருந்தேன், மூன்று ராத்திரி தூங்கவில்லை, முதல் ராத்திரியே பிடிபட்டுவிட்டது. எங்கள் பக்கம், வைத்தீஸ்வரன் கோயிலைச் சுற்றியிருக்கிற ஊர்களில், பெண் பிறந்தால் பாதிப் பேருக்குத் தையல்நாயகி. அம்மன் பேர். ஆண் பிறந்தால் வைத்தியநாதன், சுவாமி பேர். ஆகவே வைத்தியநாதன் மகள் தையல்நாயகி என்று தெருவில் நின்று கூப்பிட்டால் நாலு வீட்டிலிருந்து எட்டிப் பார்ப்பார்கள். அதில் தப்பில்லை, சாமி பேர், யார் வேண்டுமானாலும் வைக்கலாம். பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற அன்றைக்கு வரிசையாக நிற்க வைத்தார் ஹெட்மாஸ்டர். வலது கையைத் தலைக்கு மேலே சுற்றி இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது, தொடாவிட்டால் அடுத்த வருஷம் வா. நான் தலையைச் சாய்த்துத் தொட்டேன். சாய்க்கக் கூடாது, ஆனால் அவர் பார்க்கவில்லை. என்றைக்குப் பிறந்தாள் என்று அப்பாவைக் கேட்டார். "ஐப்பசி மாசங்க, அடைமழை, பூச நட்சத்திரம்." ஹெட்மாஸ்டர் பேனாவைத் தூக்கிக்கொண்டு அப்பாவையே பார்த்தார். ஐப்பசிக்கு எங்கே போய் இங்கிலீஷ் தேதி தேடுவது? "ஜூன் ஒண்ணுன்னு போட்டுடறேன்." போட்டார். எனக்குப் பின்னால் நின்றவளுக்கும் ஜூன் ஒன்று. அவளுக்குப் பின்னால் நின்றவனுக்கும். காதைத் தொட்ட அத்தனை பேரும் ஒரே நாளில் பிறந்தோம். ஜாதகத்தில் இருக்கிறவள் ஐப்பசிக்காரி, சர்டிபிகேட்டில் இருக்கிறவள் ஜூன்காரி. இன்றைக்கும் ஜூன் ஒன்றாம் தேதி ஆஸ்பத்திரியில் கேக் வெட்டுகிறார்கள், அடைமழைக்குப் பிறந்த நான் அந்த வெயிலில் நின்று ஊதுகிறேன். பேசாமல் ஊதிவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன் இத்தனை நாளும்.

எனக்குப் பின்னால் நின்றவள். அவளும் தையல்நாயகி. அவள் அப்பாவும் வைத்தியநாதன். நான் கடைத்தெருத் தையல், அவள் வாய்க்கால்கரைத் தையல். முகம் நினைவில்லை. முட்டியில் ஒரு தழும்பு இருந்தது, அதுகூட அவளுக்கா எனக்கா தெரியவில்லை, இப்போது என் முட்டியில் இல்லை, ஆகவே அவளுக்குத்தான். ஆனால் ஒன்று நன்றாக நினைவிருக்கிறது. மூன்றாம் வகுப்பு. வாய்ப்பாடு எழுதி வரச் சொல்லியிருந்தார் வாத்தியார். நான் எழுதியிருந்தேன், கொடுத்திருந்தேன். மறுநாள் நோட்டுக் கட்டைப் பார்த்துவிட்டு, "வை. தையல்நாயகி எழுதலை, எந்திரி" என்றார். இரண்டு பேரும் எழுந்து நின்றோம். எந்தத் தையல் சார் என்று யாரோ கேட்டார்கள். அவருக்கு விசாரிக்க நேரமில்லை, மணி அடிக்கப் போகிறது. "ரெண்டு பேரும் கையை நீட்டுங்க." நீட்டினோம். அந்த அடி இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது, வலியாக இல்லை, வேறு என்னவோவாக. எழுதியவள் நான், அடியும் எனக்கு. அவள் எழுதாமல் இருந்ததால் எனக்கு அடி. இந்த ஒரு வாரமாக அவளைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறேன். பல் விளக்கும்போது திட்டுகிறேன், பஸ்ஸில் திட்டுகிறேன். மாடு வாங்கினாயே, பால் கறந்தாயே, மோர் குடித்தாயே, வெண்ணெய் எடுத்தாயே, கட்டினாயா? கன்றுக்குட்டி போட்டிருக்கும், அதையும் விற்றிருப்பாய். நீ அங்கே சௌக்கியமாகப் படுத்துத் தூங்க, எனக்கு இங்கே வீடு போகிறது. இந்த வயதில் பெட்டி படுக்கையோடு இன்னொரு வாடகை வீடு தேடி, தனியாகவா இருக்கீங்க, வீட்டுக்காரர் எங்கே, என்று வாசலில் நிறுத்திக் கேட்பார்களே, அதற்குப் பதில் சொல்லி. வீட்டுக்காரர் துபாய்க்குப் போனவர் அங்கேயே ஒரு குடும்பத்தைப் பார்த்துக்கொண்டார் என்று எத்தனை வாசலில் சொல்வது. சொந்த வீட்டில் இருந்தால் அந்தக் கேள்வியை ஒருத்தரும் கேட்க முடியாது. எனக்கு வேண்டியது சுவரும் கூரையும்கூட இல்லை, அந்தக் கேள்வி வராத ஒரு வாசல். அதைத்தான் ஒரு மாடு மேய்ந்துவிட்டது.

"வணக்கம், நான் ஜெனிட்டா பேசறேன், உங்களுக்கு நான் எப்படி உதவலாம்?" வந்துவிட்டாள். இத்தனை நேரம் உள்ளே கட்டி வைத்திருந்த அத்தனையும் ஒரே சமயத்தில் வாசலுக்கு ஓடிவந்து முட்டிக்கொண்டு, வாயில் வந்தது ஒன்றே ஒன்று. "மாடு என்னுது இல்லைம்மா."  அவள் நாகர்கோவில் வாடை லேசாக அடிக்கிற குரலில், "சொல்லுங்க மேடம், உங்க பேரு?" என்றாள். வை. தையல்நாயகி. அப்பா பேரு? வைத்தியநாதன். பிறந்த தேதி? ஜூன் ஒன்று, எண்பதாம் வருஷம். சொல்லும்போதே எரிந்தது, என் வாயாலேயே அவளை நான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். "ஓடிபி அனுப்பியிருக்கேன் மேடம், சொல்லுங்க." வரவில்லை. எண்ணெய்க் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு திரையைத் தடவினேன், கறை ஒட்டியது, ஒன்றும் வரவில்லை. மறுபடி அனுப்பினாள். வரவில்லை. "மேடம், போன மாசம் நீங்க கூப்பிட்டப்ப நம்பர் மாத்திட்டீங்களே, அந்த நம்பருக்குத்தான் போகும்." நான் போன மாதம் கூப்பிடவே இல்லையே. "கூப்பிட்டிருக்கீங்க மேடம். இதே கம்ப்ளெயிண்ட் பிரிவுதான். ஃபிரிட்ஜ் லோன் என்னுது இல்லைன்னு சொல்லியிருக்கீங்க. அதை எடுத்துக்கூடக் கொடுத்துட்டோம்." காதுக்குள் குக்கர் விசில் மாதிரி ஒன்று. என் ஃபிரிட்ஜ். மூலையில் நிற்கிற என் ஃபிரிட்ஜ். ஜெனிட்டா பொறுமையாகத்தான் கேட்டாள், குரலில் சிரிப்புக்கூட இல்லை. "போன மாசம் ஃபிரிட்ஜ் என்னுது இல்லைன்னீங்க. இன்னைக்கு மாடு என்னுது இல்லைங்கறீங்க. அப்ப எதுதான் மேடம் உங்களுது?"

எதுதான் என்னுடையது. நல்ல கேள்வி. கத்தினேன். கத்தினேனா அழுதேனா தெரியாது, இரண்டும்தான். நாங்கள் இரண்டு பேர், அம்மா, இரண்டு உடம்பு, இரண்டு வீடு, அவளுக்கு மாடு எனக்கு ஃபிரிட்ஜ், உங்கள் கம்ப்யூட்டர் இரண்டு பேரையும் ஒரே கயிற்றில் கட்டி வைத்திருக்கிறது. "பேரு, அப்பா பேரு, பிறந்த தேதி, சொந்த மாவட்டம் நாலும் ஒண்ணா இருந்தா ஒரே ஆளுன்னுதான் எடுத்துக்கும் மேடம். அந்த மாட்டு லோன்ல பான் நம்பரும் இல்ல. பேரு ஒண்ணா இருக்கலாம், பிறந்த தேதியுமா ஒண்ணா இருக்கும்?" இருக்கும் என்றேன். ஹெட்மாஸ்டரைச் சொன்னேன். காதைச் சொன்னேன். ஐப்பசியைச் சொன்னேன், அடைமழையைச் சொன்னேன், பூச நட்சத்திரத்தைச் சொன்னேன், ஒரு கம்பெனிக்காரியிடம் எதற்கு நட்சத்திரத்தைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டே சொன்னேன். எதிர்முனையில் தட்டச்சுகூடக் கேட்கவில்லை. வைத்துவிட்டாளோ. வெள்ளிக்கிழமை, புனே, ப்ரோக்கர், காலியான வீடு, மரத்தை வெட்டிவிட்டு அந்த இடத்தில் நிற்கப் போகிற கார். பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள். "எங்க அப்பாவுக்கும் ஜூன் ஒண்ணுதான் மேடம். சித்தப்பாவுக்கும் ஜூன் ஒண்ணு. நாங்க சின்னதுல ரெண்டு பேரும் ரெட்டைன்னு நினைச்சோம்." ஒரு வாரத்தில் என்னை நம்பிய முதல் ஆள். நம்பினாளா, அப்பாவை நினைத்துக்கொண்டாளா, எதுவாக இருந்தாலும் சரி. "பதிவான நம்பருக்குக் கூப்பிட்டு உறுதி பண்ணிக்க எங்களுக்கு ரூல் இருக்கு. நீங்க லைன்லயே இருங்க, நான் அவங்களையும் சேர்க்கறேன்." மறுபடியும் வீணை.

இப்போது அவள் வரப் போகிறாள். ஒரு வாரமாக நான் சேர்த்து வைத்திருக்கிற வசவுக்கெல்லாம் ஒரு காது வரப் போகிறது. எதை முதலில் சொல்வது? ஃபிரிட்ஜையா, மாட்டையா? என் ஒரே நல்ல பேரையும் துடைத்தெறிந்துவிட்டாயே. உனக்கு என்ன உரிமை? உன் மாட்டை என் தலையில் கட்டிவிட்டு என் ஃபிரிட்ஜையும் தூக்கிப் போட்டிருக்கிறாயே. பூவை எடுத்து நரம்பைக் கிள்ளினேன். நரம்போடு பூவே பிய்ந்தது. அவள் இல்லை என்று சொல்லிவிட்டால்? மாடும் என்னுது இல்லை என்று அவளும் சொல்லிவிட்டால், யாருக்கும் இல்லாத மாடு கடைசியில் எனக்குத்தான் வரும். போனை வைத்துவிட்டால்? கடன்காரன் என்று பயந்து எடுக்காமலே விட்டால்? எடுத்துவிடு, எடுக்காமல் இருந்துவிடாதே, தாயே தையல்நாயகி, என்று நான் அம்மனை வேண்டிக்கொண்டேனா அவளை வேண்டிக்கொண்டேனா எனக்கே தெரியவில்லை. வீணை பாதியில் அறுந்தது. பின்னால் கோழி கத்துகிற சத்தம், பாத்திரம் வைக்கிற சத்தம், தொண்டை கட்டின ஒரு குரல். "அலோ, யாரு?" நான் தையல்நாயகி பேசறேன் என்றேன். "நாந்தான் தையல்நாயகி. நீ யாரு?" கடைத்தெரு, என்றேன்.

அவளுக்குத்தான் வசவு முதலில் வந்தது. "அடியே, ஃபிரிட்ஜுக்காரி நீதானா! ஒன்னாலதாண்டி எனக்கு மகளிர் குழுக் கடன் இல்லைன்னுட்டாங்க. பட்டணத்துல ஃபிரிட்ஜ் வாங்கி வெச்சிருக்கே, ஒனக்கு எதுக்குடி குழுக் கடன்னு அத்தன பொம்பளைங்க முன்னாடி என்னைய எந்திரிக்கச் சொன்னா அந்தக் குழு மேடம். என் வீட்டுக்குக் கரண்டே ஒழுங்கா வராது. எனக்கு எதுக்குடி ஃபிரிட்ஜ்?" பக்கத்து மேஜைப் பெண்ணின் பார்வை எனக்கு ஞாபகம் வந்தது. வரக் கூடாது என்று தள்ளினேன். உன் மாட்டால் எனக்கு வீடே போகுதுடி, என்று நானும் கத்தினேன், மாட்டை வாங்கிவிட்டுக் கட்டாமல் விட்டவளுக்குப் பேச்சைப் பார், என்று. அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றது. "என்னாது, கட்டாம வுட்டனா? எவன் சொன்னான்? மாட்ட வித்தன்னிக்கே மொத்தமும் அடைச்சேன். கடன் பாக்கி இல்லைன்னு சீல் குத்திச் சீட்டு குடுத்திருக்கான், சாமி படத்துக்குப் பின்னால வெச்சிருக்கேன். வந்து பாரு. எவன்டி சொன்னான் கட்டலைன்னு?" அவள் மூச்சு வாங்குவது கேட்டது. எனக்கும் வாங்கியது. ஜெனிட்டா மெல்ல உள்ளே வந்து, "அடைச்சதை லோன் கொடுத்தவங்க எங்களுக்குத் தெரிவிக்கலை போலிருக்கு மேடம்" என்றாள். போலிருக்காம். ஒரு வாரம், மூன்று ராத்திரி, ஒரு வீடு, ஒரு குழுக் கடன், நடுவில் ஒரு பெண்ணுக்கு நான் போட்ட சாபமெல்லாம், போலிருக்கு.

"அன்னிக்கும் இப்படித்தான்" என்றாள் வாய்க்கால்கரைத் தையல், குரல் இறங்கி. "ஒனக்காவ நான் அடி வாங்குனேன். வாய்ப்பாடு எழுதாம வந்துட்டு கம்முனு நின்னே." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நானா? நான் எழுதியிருந்தேன்! எழுதி, கொடுத்து, கட்டுக்கு அடியில் வைத்ததுகூட நினைவிருக்கிறது! நீதான் எழுதவில்லை, உன்னால்தான் எனக்கு அடி! "நானுந்தாண்டி எழுதியிருந்தேன். செவப்பு மையில கோடு போட்டு எழுதியிருந்தேன்." கோழி ஒன்று அவள் வீட்டில் கத்திக்கொண்டே இருந்தது. இத்தனை வருஷம் நான் அவளைத் திட்டியிருக்கிறேன், அவள் என்னைத் திட்டியிருக்கிறாள், அந்த வாத்தியார் கட்டைச் சரியாகப் புரட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான் நடந்தது, அவரை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. என் உள்ளங்கையைப் பார்த்தேன். எண்ணெயும் கறையுமாகக் கறுத்திருந்தது.

"மேடம், இப்ப இந்தக் கம்ப்ளெயிண்டை யார் பேர்ல பதியட்டும்?" என்றாள் ஜெனிட்டா. "சீட்டைப் படம் எடுத்து அனுப்பினா மாட்டை அடைச்சதா மாத்தச் சொல்லி அவங்களுக்கு எழுதறேன். ஃபிரிட்ஜையும் திருப்பிச் சேர்க்கக் கேட்கறேன். அவசரம்னு குறிச்சு மேல அனுப்பறேன். வெள்ளிக்கிழமைக்குள்ள ஆகும்னு சத்தியம் பண்ண முடியாது, ஆனா விட மாட்டேன். சிஸ்டத்துல மட்டும் ஒரு பேர்தான் போட முடியும். ரெண்டு பேரும் ஒரே பேராத்தானே வருது?" நான் வாயைத் திறக்கும் முன்னால் அவள் முந்திக்கொண்டாள். அந்தத் தொண்டை கட்டின குரல் ரவை டப்பா அதிர வந்தது. "ஏம்மா, போன மாசம் நான் கூப்புட்டப்ப பேசறதெல்லாம் பதிவாவுதுன்னு ஒரு பொண்ணு சொல்லிட்டே இருந்துச்சே, அது நெசமா?" நிஜம்தான் மேடம், என்றாள் ஜெனிட்டா. "அப்ப எழுத எடம் இல்லாட்டி போவுது, கேட்டுக்கட்டும். கடைத்தெரு, நீயும் சொல்லுடி." எண்ணெய்க் கையோடு போனை எடுத்து வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். பொத்தானில் பட்டு அறுந்துவிடுமோ என்ற பயம்கூட வரவில்லை. யார் முதலில், யார் பிறகு என்று பேசிக்கொள்ளவில்லை. ஆனால் ஒரே மூச்சில்தான் வந்தது.

"நாங்க ரெண்டு பேரு."